முப்பது சகனும் ஒரு மூடியும்

அன்றைக்குக் கல்யாணச் சமையல் கிடாரத்தடியில் நின்றவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது ஊரில் பாதிப்பேர் தாங்களும் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொல்கிறார்கள். போன மாதம் ஒருவர் இந்தக் கதையை எனக்கே சொன்னார். நான் நின்ற இடத்தையும் பிழையாகக் காட்டினார்.

நின்றவர்கள்: சமையலுக்கு நான். விறகுக்கு ராமையா. பொண்ணின் வாப்பா ஹனிபா நானா. மாப்பிள்ளையின் வாப்பா, வவுனியாவில் இரும்புக்கடை வைத்திருப்பவர், எல்லோரும் அவரை ஹாஜியார் என்றுதான் சொல்வார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன். எங்கள் பள்ளிவாசல் மௌலவி. ஆக ஆறு பேர். ஒரு சகனுக்குச் சரியான ஆட்கள். காலையில் ஆடுகளும் நின்றன. ஆனால் நான் சொல்லப்போகிற நேரத்தில் அவை கிடாரத்துக்குள் இருந்தபடியால் சாட்சியில் சேர்க்கவில்லை.

சகன் என்றால் தெரியாதவர்களுக்கு: எங்கள் கல்யாண வீடுகளில் ஆறு பேர் பாயில் வட்டமாக இருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுத்தான் சகன். தலைக்கணக்கு எங்களுக்கு இல்லை, சகன் கணக்குத்தான்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பொடியன்கள். நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதற்கென்று போனில் ஒரு குழு தொடங்கி, என்னிடம் கேட்காமலேயே என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். விடியச் சுபஹுத் தொழுகைக்கு முன்னமே தீமையைத் தடுக்கத் தொடங்குகிறார்கள். எங்கோ கடல் கடந்த நாட்டில் யாரோ செய்கிற பிழையெல்லாம் என் தலையணைக்குக் கீழே வந்து டிங் டிங் என்கிறது. எனக்கு ஒவ்வொரு டிங்குக்கும் நெஞ்சு ஒருதரம் அடித்து நிற்கும். அவர்கள் பள்ளிவாசல் மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். மூத்தவர்களை நானா, காக்கா என்பது எங்கள் வழக்கம்.

"காக்கா, நீங்கள் கிடாரத்தை மூடிவைச்சுத் தீமையைத் தடுத்த ஆளாமே. அதை எழுதித் தாங்கோ."

"நான் ஏழாம் வகுப்போட நிண்டனான் தம்பி. எழுத்துப்பிழை வரும்."

"அதை நாங்கள் தடுப்பம் காக்கா."

அதனால் எழுதுகிறேன். முழங்கால் சமையலை விடச் சொல்லிவிட்டது. இப்போது கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு பெட்டியில் வருகிறது. பெட்டிக்குள் என்ன பிழை நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கிடாரம் அப்படியில்லை.

நான் தொழில் பழகியது புத்தளத்தில், எங்கள் சனம் முழுக்க முல்லைத்தீவை விட்டு அங்கே இடம்பெயர்ந்து இருந்த காலத்தில். வெங்காயம் உரித்தேன், சட்டி கழுவினேன், அடுப்பு ஊதினேன். வருசங்கள் அதிலேயே போயின. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கண்ணீர் வந்ததெல்லாம் வெங்காயத்தால்தான். என் மேலாள் காசிம் நானா. ஒல்லியான மனுசன், குரல் மட்டும் கிடாரம் அளவு.

காசிம் நானாவின் கிடாரத்தடி ஒரு தனி அரசாங்கம். அங்கே யாரும் பீடி பிடிக்கக்கூடாது. பிடித்தால் வாயிலிருந்து உருவி அடுப்பில் போடுவார். பிடித்தவர் ஊர்த் தலைவராக இருந்தாலும் சரி. ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் மாமன்காரர் ஈரலைத் தனியாக ஒரு கேரியரில் போடப் பார்த்தார். காசிம் நானா கண்டுவிட்டார். அகப்பைக் காம்பால் மணிக்கட்டில் ஒரு தட்டு. கேரியர் அவர் கையிலிருந்து தானாகவே கீழே இறங்கியது.

"தீமையைக் கண்டா கையால தடு. கையால ஏலாட்டி வாயால சொல்லு. அதுவும் ஏலாட்டி மனசால வெறு. மனசோட நிக்கிறவன்ர ஈமான் பலவீனமானது" என்று மார்க்கம் சொல்வதை எங்களுக்கு எடுத்துச் சொல்வார். பிறகு என்னைப் பார்ப்பார். "இவன் எதில நிக்கிறான் எண்டு நான் சொல்லத் தேவையில்ல."

தேவையில்லைதான். நான் மனதால் வெறுப்பதில் அவ்வளவு தேர்ச்சி பெற்றவன். வெறுத்து வெறுத்து எனக்கு அல்சரே வந்தது. ஒரு கடைக்காரர் பழைய நெய்யைப் புது நெய்யோடு கலந்து விற்றார். அவருக்குச் சொல்வதற்கென்று ஒரு வசனத்தைத் தயார் செய்து, சைக்கிளில் போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடை வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன். "என்ன வேணும்?" என்றார். "ரெண்டு போத்தல் நெய்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி தொழில்முறை கொஞ்சம் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

புரியாணிக்கு இறைச்சியை அடியில் வேகவைத்து, அரைவேக்காட்டுச் சோற்றை மேலே பரப்பி, நெய் விட்டு, மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றிக் குழைத்த மாவால் ஒட்டுவோம். கீழே நெருப்பை இழுத்துவிட்டு மூடிமேல் தணல் போடுவோம். இதுதான் தம். ஒட்டிய பிறகு ஒருவரும் திறக்கக்கூடாது, தலைமைச் சமையற்காரரைத் தவிர. மாவின் வெடிப்பால் வருகிற ஆவி முதலில் தண்ணி மணக்கும், பிறகு இறைச்சி மணக்கும், கடைசியில் நெய் மணக்கும். நெய் மணந்தவுடன் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் மணம் முழுக் கிடாரத்துக்கும் ஏறும், பெயர் முழு ஊருக்கும் போகும்.

திறக்க முதல் காசிம் நானா ஒரு கேள்வி கேட்பார். அகப்பையை மூடிக்குக் குறுக்கே வைத்து, "விருந்து ஆர்ர?" என்பார், விருந்து யாருடையது என்று. விருந்துக்காரர் முன்னுக்கு வந்து "என்ர" என்று சொல்ல வேண்டும். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி முதல் அகப்பை அவர்தான் அள்ள வேண்டும். இது மார்க்கத்தில் உள்ளதல்ல, காசிம் நானா தொழிலில் பட்டுப் பழகிக் கண்டுபிடித்தது. இறைச்சி போதவில்லை, சகன் குறைந்தது என்று பிறகு சண்டை வந்தால், பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று எல்லோர் முன்னாலும் முதலே தெரிந்துவிடும். அவர் மௌத்தாகிய பிறகு, நாங்கள் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து நான் தனியாகச் சமைக்கத் தொடங்கியபோது, அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து அந்த அகப்பையும் அந்தக் கேள்வியும்தான். கேள்வியை நான் மெதுவாகத்தான் கேட்பேன்.

ஹனிபா நானா கடற்றொழில்காரர். ஒரு படகு, ஒரு இஞ்சின், மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு வவுனியா மாப்பிள்ளை. பேசியது இருபது சகன். மார்க்கப்படி வலீமா என்கிற கல்யாண விருந்து மாப்பிள்ளை வீட்டுச் செலவு. ஊர் வழக்கப்படி பொண்ணு வீடு சமைக்கும், மாப்பிள்ளை வீடு சாப்பிடும். அதையும் மனதால் வெறுத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் சமைத்து வந்தேன்.

கல்யாணத்தன்று காலை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் தாய்மாமன் மோட்டார் சைக்கிளில் முன்னுக்கே வந்து இறங்கினார். கிடாரங்களை எட்டிப் பார்த்தார்.

"எத்தினை சகன் போடுறியள்?"

"இருபது" என்றார் ஹனிபா நானா.

"முப்பது போடுங்கோ. எங்கட ஆக்கள் ரெண்டு பஸ்ஸில வருகினம். அவையளைப் பசியோட அனுப்பினா மரியாதை இல்லைத்தானே."

ஹனிபா நானா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். "ஓம், போடுவம்" என்று சொல்லிவிட்டு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரரின் லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஆடும் அரிசியும் நெய்யும் வந்து இறங்கின. இறக்கி முடிய அதன் சாரதி சத்தமாகச் சொன்னார்: "நானா, அப்ப பின்னேரம் வந்து இஞ்சினை ஏத்துறன். முதலாளி காத்துக்கொண்டிருப்பார்."

ஹனிபா நானா படகு இஞ்சினைக் கொண்டுவந்து என் அடுப்புக்குப் பக்கத்து வேலியில் சாத்தினார். துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு ஒரு சாக்கால் மூடினார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்த யோசனை பெற்றோல் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்பதுதான். தள்ளிவைக்கச் சொன்னேன். தள்ளிவைத்தார். அதற்குப் பிறகுதான் மற்றது விளங்கியது. பத்துச் சகனுக்காக அந்த மனுசனின் கடல் ஈடாகப் போகிறது. நாளைக்கு விருந்தாளிகள் ஏப்பம் விட்டுக்கொண்டு வவுனியா போய்விடுவார்கள். இவர் கரையில் நிற்பார், பின்னால் இன்னும் இரண்டு பெண் பிள்ளைகளோடு.

ராமையா விறகு பிளந்துகொண்டு என்னையே பார்த்தான். அவன் தர்மபுரத்து ஆள். தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். முருகனைக் கும்பிடுகிறவன், ஆனால் என்னோடு திரிந்து திரிந்து மார்க்க விசயம் அரைவாசி தெரியும்.

"நானா, கை, வாய், மனசுனு மூணு இருக்குன்னு நீங்கதானே தெனமும் சொல்லுவீங்க. இப்ப நீங்க எதுல இருக்கீங்க?"

"மனசில."

"அதுல எத்தன வருசமா இருக்கீங்க?"

"சும்மா விறகைக் கொத்து."

"கொத்துறேன். அந்த ஆளோட இஞ்சினு போனா நாளைக்கு நானும் மனசுல மீன் வாங்கித் தின்ன வேண்டியதுதான்."

'ஹாஜியார், அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளுங்கள், இது நீதியில்லை' என்று ஒரு வசனம் தயார் செய்தேன். வெங்காயத்துக்கு ஒருதரம் சொன்னேன். அரிசி களையும்போது ஒருதரம் சொன்னேன். ராமையாவுக்குச் சொல்லிக் காட்டினேன்.

"நல்லா இருக்கு. ஆனா என்னையப் பாத்துச் சொல்லும்போதே தலையக் குனிஞ்சுக்கிறீங்களே நானா. நான் அவ்வளவு பெரிய ஹாஜியாரா?"

பள்ளியில் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் முடிந்து எல்லோரும் பந்தலுக்கு வந்துவிட்டார்கள். மூடி ஒட்டி, தணல் போட்டு, நான் கிடாரத்துக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். தண்ணி மணம் போய் இறைச்சி மணம் வந்துகொண்டிருந்தது. அப்போது ஹாஜியார் வந்தார். வெள்ளைத் தொப்பி, அகலமான பச்சை பெல்ட், அத்தர் வாசம். அந்த அத்தரால் எனக்கு ஆவி மணம் பிடிபடாமல் போனது. அது வேறு பயம். பின்னால் தாய்மாமனும் மௌலவியும், ஒரு பக்கமாக ஹனிபா நானாவும்.

நான் வாயைத் திறந்தேன்.

"ஹாஜியார்... உப்புக் காணுமோ, இன்னும் போடவோ?"

ஹாஜியார் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒட்டிவைச்ச கிடாரத்தில நான் எப்பிடி உப்புப் பார்க்கிறது?"

விறகுக் குவியலுக்குப் பின்னால் ராமையா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"திறங்கோ காக்கா, ஆக்கள் பாயில இருந்திட்டினம்" என்று தாய்மாமன் அவசரப்படுத்தினார்.

அதே நேரம் நெய் மணந்தது. கை தன் பழக்கத்தில் அகப்பையை எடுத்து மூடிக்குக் குறுக்கே வைத்தது. வாய் தன் பழக்கத்தில் கேட்டது:

"விருந்து ஆர்ர?"

வழமையாக ஹனிபா நானா மாதிரி ஒரு தகப்பன் "என்ர" என்பார், திறப்பேன். ஹனிபா நானா மூச்சை இழுத்தார். ஆனால் ஹாஜியார் எங்கேயும் முன்னுக்கு நின்று பழகிய மனுசன்.

"இதென்ன கேள்வி? வலீமா எண்டா மாப்பிள்ளை வீட்டுதானே. எங்கட விருந்து. கல்யாணக் கார்ட்டிலயும் என்ர பேர்தான் கிடக்கு" என்று அகப்பைக்குக் கையை நீட்டினார்.

வாசல் படலையில் லான்ட் மாஸ்டர் வந்து நின்று டக் டக் என்றது. "ஹனிபா நானா! இஞ்சினை ஏத்தட்டோ?"

"என்ன இஞ்சின்?" என்றார் ஹாஜியார்.

நான் அகப்பையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஊரில் எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. பள்ளி நிர்வாகத்தில் இல்லை, சங்கத்தில் இல்லை, என் வீட்டில்கூட இல்லை. ஆனால் ஒட்டிய மூடியை என்னைத் தவிர யாரும் திறக்கக்கூடாது என்பது அந்த ஹாஜியாருக்கும் தெரியும். என் கைக்கு எட்டிய அரசாங்கம் அந்த மூடி அளவுதான். அதற்குள்ளே ஒரு தீமை வெந்துகொண்டிருந்தது.

"ஹாஜியார், விருந்து உங்கட எண்டா கடைக்காசும் உங்கட. பத்துச் சகன் கூட்டினதுக்கு இந்த மனுசன்ர இஞ்சின் ஈட்டுக்குப் போகுது. விருந்து அவரிட எண்டா அவர் வந்து பிஸ்மி சொல்லட்டும், நீங்கள் கார்ட்டை மாத்துங்கோ. ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ, அடிப்பிடிக்கப் போகுது!"

கடைசிச் சொல் அலறலாக வந்தது. வீரத்தால் அல்ல. உண்மையிலேயே அடிப்பிடிக்கப் போனது.

"நீ சமைக்க வந்தனியோ, பத்வா குடுக்க வந்தனியோ?" என்று தாய்மாமன் சீறினார்.

மௌலவி அதுவரைக்கும் தென்னை மரத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்தார். பாவம், அவரும் சம்பளக்காரர். மெல்லச் சொன்னார்: "பத்வா இல்ல. அவர் கேள்விதான் கேட்டவர். பதிலை ஹாஜியார் முதலே சொல்லிட்டார், மாஷா அல்லாஹ். மார்க்கமும் அதைத்தான் சொல்லுது."

ஹாஜியார் சாக்கைத் தூக்கி இஞ்சினைப் பார்த்தார். பிறகு ஹனிபா நானாவைப் பார்த்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"பொண்ணைப் பெத்தவன் அதை என்னெண்டு சொல்லுறது ஹாஜியார்?"

ஹாஜியார் மைத்துனர் பக்கம் திரும்பினார். "அவையள் விருப்பத்தோட போடினம் எண்டு நீதானே சொன்னனி."

"விருப்பமோ எண்டு நான் கேக்கேல்ல" என்றார் தாய்மாமன். பிறகு, "மச்சான், நீங்களும் கேக்கேல்ல."

ஹாஜியார் கெட்டவரல்ல. கேட்காமல் இருந்தவர், அவ்வளவுதான். முகம் சிவந்து, பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து, சாரதியைக் கூப்பிட்டு, முழுக் கடைக்கணக்கும் எவ்வளவு என்று கேட்டு, நோட்டுகளை எண்ணத் தொடங்கினார். இரும்புக்கடைக்காரர் எண்ணுகிற மாதிரி எண்ணினார். ஒவ்வொரு தாளையும் தடவி, வெளிச்சத்தில் பிடித்து. எனக்கு உயிர் போனது.

"கெதியா எண்ணுங்கோ ஹாஜியார், அடி!"

"பொறும், நீர் கத்தினதில எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்று திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

லான்ட் மாஸ்டர் வெறும் பெட்டியோடு திரும்பிப் போனது. ஹாஜியார் பிஸ்மி சொன்னார். மாவை உடைத்தேன். மேல் சோறு மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. முப்பது சகனும் பந்தலுக்குப் போயின. அடிச்சோறு கறுத்திருந்தது. அது முப்பத்தோராவதாக எங்களுக்கு மிஞ்சியது. நான் வெட்கப்பட்டு மறைக்கப் பார்த்தேன். ஹாஜியார் பாயை இழுத்துப் போட்டார்.

"கொண்டாரும். என்ர விருந்து, என்ர அடி."

ஆறு பேரும் இருந்தோம். ஒரே சகனில் கை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கவும் முடியாது, நெடுநேரம் கோபமாக இருக்கவும் முடியாது. ஹாஜியார் ஒரு நல்ல துண்டு இறைச்சியைச் சம்பந்தியின் பக்கம் தள்ளினார். ஹனிபா நானா அதைத் திருப்பித் தள்ளினார். அது இரண்டு மூன்று தரம் போய் வந்தது. கடைசியில் ராமையா எடுத்துச் சாப்பிட்டான்.

"உப்புக் காணும் நானா" என்றான்.

இதுதான் நடந்தது. பொடியன்கள் எழுதச் சொன்னது இவ்வளவும்தான். ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது.

அன்று பின்னேரம் கூலிக்கு நின்றேன். ஹனிபா நானா சொன்னார், விருந்தை ஹாஜியார் ஏற்றபடியால் சமையற்கூலியும் அந்தக் கணக்கில்தான், தான் இடையில் புகுந்து கொடுத்தால் அவருக்கு அவமரியாதை என்று. ஹாஜியார் சொன்னார், கடைக்கணக்கு தன்னுடையது, ஆனால் சமையற்காரரைக் கூப்பிட்டது பொண்ணு வீடு என்று. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தபடியால் நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். மௌலவி பொறுமைக்கு மறுமையில் கூலி உண்டு என்றார். ஹனிபா நானா கடல் நல்லாயிருக்கிற நாட்களில் மீன் அனுப்புவார். அது அன்பளிப்பு, கணக்கில் சேர்க்க மாட்டேன். ஹாஜியார் காணுமிடமெல்லாம் கட்டிப்பிடித்து சலாம் சொல்வார். கூலியைக் கேட்க ஒரு வசனம் தயார் செய்துகொண்டு போவேன். "உப்புக் காணுமோ" என்கிற மாதிரி ஏதாவது கேட்டுவிட்டு வருவேன்.

ராமையாவின் பங்கை நான் என் கையிலிருந்து கொடுக்கப் போனேன். அவன் வாங்கவில்லை. "ஹாஜியார்கிட்ட கேட்டு வாங்கிக் குடுங்க, அப்பத்தான் எடுப்பேன். நீங்க வாயால கேக்குறத நான் ஒருதரம் பாக்கணும்" என்று இன்றைக்கும் சொல்கிறான்.

உழைத்தவனின் வியர்வை காய முதல் கூலியைக் கொடுக்கச் சொல்கிறது மார்க்கம். எங்கள் வியர்வை காய்ந்து, அந்தச் சேர்ட்டும் கிழிந்து, கிடாரம் துடைக்கும் துணியாகிவிட்டது. கையால் தடுக்க இப்போது என்னிடம் மூடியும் இல்லை. மலர் வவுனியாவுக்கும் போகும், ஹாஜியார் வீட்டுக்குக் கட்டாயம் ஒன்று கொடுப்போம் என்று பொடியன்கள் சொன்னார்கள். அதனால் இந்தத் தரம் வாயால் சொல்லிவிடுகிறேன். ஹாஜியார், அஸ்ஸலாமு அலைக்கும். ராமையாவின் நாலாயிரமும் சேர்த்து, பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா.